வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்கும் குடும்பம்

கிளிநொச்சி மாவட்டத்தில் வேலை செய்யும் வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“பெண்கள் உரிமைக்காக இயங்கும் ஓர் உள்ளூர் நிறுவனத்தில் நான்கு வருடங்களும் ஏழு மாதங்களுமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். சுவரில் ‘மனித மாண்பு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ‘நாம் ஒரு குடும்பம்’ என்பார் பணிப்பாளர். பயணப்படி ஏன் வரவில்லை என்று கேட்டால் அதே கூட்டத்தில், ‘சனத்துக்காக வந்தவர்கள் யார், சம்பளத்துக்காக வந்தவர்கள் யார் என்று இப்போது தெரிகிறது’ என்பார். ஏழு மாதக் கர்ப்பிணியான தோழியை மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டான் பக்கம் அனுப்பினார்கள். பிள்ளை பிறந்த பின் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எல்லோருக்கும் ஆறு மாத ஒப்பந்தம்தான். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ‘நிறுவன வளர்ச்சிக்கு’ என்று கையில் திருப்பிக் கொடுக்கிறோம். சில வேளை நிரப்பாத வவுச்சரிலும் ஒப்பம் வைக்கிறோம். இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் வேலை வரும். ஞாயிறு பின்னேரமே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடுகிறது. காலையில் முறிகண்டியில் ஸ்கூட்டியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்துகிறேன். பிள்ளையாரிடம் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு அவர் அலுவலகம் வரக்கூடாது. போன மாதம் தருமபுரத்தில் கூட்டத்துக்கு வராத ஒரு பெண் மீது சத்தம் போட்டுவிட்டேன். ‘இந்தக் காலத்தில் வேலை கிடைப்பதே பெரிது’ என்கிறார் அம்மா. நான்தான் பலவீனமானவளா, அக்கா? பொறுப்பதா, விடுவதா?”

அன்புள்ள தங்கைக்கு,

எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏழரைப் பக்கம் பணிப்பாளரைப் பற்றியது. நீங்கள் சொன்னதை நம்புகிறேன். இருபது வருடமாக உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு அந்த மனிதரை, வேறு வேறு முகங்களில், நன்றாகத் தெரியும். ஆனால் என் கண் நின்றது நீங்கள் ஓடிக் கடந்த இரண்டு வரிகளில். ஒன்று, நிரப்பாத வவுச்சரில் வைத்த ஒப்பம். மற்றது, தருமபுரத்துப் பெண் மீது போட்ட சத்தம். இரண்டுக்கும் வருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் பலவீனமானவர் அல்ல. அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்கும் கெட்ட முதலாளி வாய்ப்பதுண்டு. அவர் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்துவிடுவார். முதலாளியை நல்லவர் என்று நம்ப வேண்டிய கடமை அவருக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. காலையில் பெண்களின் மாண்பைப் பற்றி ஐம்பது பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டு, மாலையில் மாண்பு இல்லாத ஓர் அறைக்குத் திரும்பி, எதையும் காணாதவர்போல் அறிக்கை எழுத வேண்டும். களைப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல வைத்தியர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினருக்குச் சிகிச்சை அளித்தவர். பலரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது எதிரியைப் பற்றிய பயம் மட்டுமல்ல என்று அவர் 1990களில் எழுதினார். பொறுப்பில் இருந்தவர்களே நியாயத்தைக் காட்டிக்கொடுத்த நினைவும் அவர்களை அரித்தது. அதை நம் மொழியில் அறக்காயம் என்று சொல்லலாம். போரையும் அலுவலகத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. வன்னியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு நாவும் எழாது. ஆனால் எதை நம்பி ஓரிடத்தில் கால் வைத்தோமோ அதை அந்த இடமே மிதிக்கும்போது உண்டாகும் வலிக்கு ஒரு தனிச் சாயல் உண்டு. உங்கள் கடிதத்தில் அது தெரிகிறது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மன அழுத்த முகாமைத்துவப் பயிற்சி நடத்த என்னை அழைத்தது. போனேன். மூச்சுப் பயிற்சி செய்வித்தேன். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, கவலையெல்லாம் உள்ளே போகும்படி ஊதச் சொன்னேன். அந்த அலுவலகத்தின் கவலை முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்து, தானும் ஒரு பலூனை ஊதிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது. முடிந்து வெளியே வரும்போது வாகனச் சாரதி கேட்டார்: “பலூனை ஊதிவிட்டோம் மிஸ், லீவை யாரிடம் கேட்பது?” எனக்குப் பதில் இல்லை. கொடுப்பனவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு, ஆட்களைத் தனித்தனியாகச் சந்திக்க விடாத எந்த அலுவலகத்துக்கும் நான் பயிற்சிக்குப் போவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்வோம். கடுமையான அலுவலகமெல்லாம் நஞ்சூறிய அலுவலகம் அல்ல. காலாண்டு அறிக்கை நாளில் எல்லோரும் இரவு வரை இருப்பதும், கணக்காய்வு வரும் வாரத்தில் குரல்கள் உயர்வதும் எங்கும் நடப்பவை. உங்கள் பணிப்பாளரும் ஒரு கொடையாளரின் கயிற்றில் ஆடுபவராக இருக்கலாம். 2009க்குப் பின் எத்தனை நிறுவனங்கள் இங்கே வந்தன, அவற்றில் எத்தனை பெயர்ப்பலகைகள் இன்று துருப்பிடித்து நிற்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த செயற்றிட்டம் கிடைக்குமா என்ற பயம் மேலிருந்து கீழே சொட்டிக்கொண்டே வரும். அது அவருடைய நடத்தைக்குக் காரணமாகலாம். நியாயமாகாது.

வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்வது? ஆண்டறிக்கை தேவையில்லை. பணிப்பாளரின் வாகனச் சத்தம் கேட்டதும் தேநீர் போடும் அக்காவின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எழுதிய விதிகள் யாருக்கு, எழுதாத விதிகள் யாருக்கு என்று பாருங்கள். உங்கள் கதையில் எழுதியவை கொடையாளருக்கும் எழுதாதவை உங்களுக்குமாக இருக்கின்றன. இன்னும் முக்கியமாக, ஒருவர் குறை சொன்னால் பேச்சு எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். சரியான அலுவலகத்தில் அது குறையைப் பற்றிய பேச்சாக இருக்கும். மற்ற இடத்தில், சொன்னவரின் குணத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். பயணப்படி கேட்டவர் சனத்தின் மீது அன்பில்லாதவர் ஆனார் அல்லவா? படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்கள். உங்கள் இடத்தில் தேவாரத்தையே கடப்பாரையாக்கியிருக்கிறார்கள். சனத்தின் மீது உங்களுக்கு இருக்கும் உண்மையான பற்றுதான் உங்கள் மூக்கணாங்கயிறு. அதைப் பிடித்துத்தான் உங்களை நடத்துகிறார்கள்.

ஏன் எவரும் வாய் திறப்பதில்லை என்று கசப்போடு கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் மூன்று தலைமுறைக்கு மௌனம் உயிர் காத்த பழக்கம், தங்கச்சி. யார் முன் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதைப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே கற்றார்கள். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, ஒரு சமூகம் ஒன்றையொன்று நம்பும் விதத்தையே காயப்படுத்திவிட்டது என்று நீண்டகாலமாக எழுதிவருகிறார். அந்தப் பழக்கத்தின் மேல்தான் உங்கள் பணிப்பாளர் வசதியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதோடு இது சின்ன ஊர். பணிப்பாளர் கோயில் பரிபாலன சபையிலும் இருப்பார், உங்கள் மாமாவின் கல்யாணத்துக்கும் வந்திருப்பார். அடுத்த வேலைக்குப் போனால் அங்கிருந்து இவருக்குத்தான் தொலைபேசி வரும். ஆகவே உங்கள் தோழிகளைக் கோழைகள் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

இனி அந்த வவுச்சர்.

நாளைக் காலையிலிருந்து நிரப்பாத தாள் எதிலும் ஒப்பம் வைக்க வேண்டாம். என் கடிதம் முழுவதிலும் இதை மட்டும்தான் கட்டளையாகச் சொல்கிறேன். பதினெட்டுப் பேர் வந்த கூட்டத்துக்கு நாற்பது பேரின் வரவு இடாப்பு உருவாகும்போது, அதன் கீழே இருப்பது பணிப்பாளரின் கையெழுத்து அல்ல, கள உத்தியோகத்தருடையது. போலி ஆவணம் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். கணக்காய்வில் பிடிபடும் நாளில் ‘குடும்பம்’ கலைந்துவிடும். உங்கள் ஒப்பம் மட்டும் எஞ்சும். எப்படி மறுப்பது என்று கேட்பீர்கள். வீரவசனம் தேவையில்லை. “தொகையையும் திகதியையும் போட்டுத் தாருங்கள் சேர், உடனே ஒப்பம் வைக்கிறேன்” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே குரல். வாக்குவாதத்துக்கு இழுத்தாலும் போக வேண்டாம். ஏற்கெனவே வைத்தவற்றை நினைவில் உள்ளவரை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். திருப்பிக் கொடுத்த காசையும் எழுதுங்கள்: எந்த மாதம், எவ்வளவு, யாருடைய கையில். கொப்பி வீட்டில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சான்று சேர்க்கிறேன் என்று வன்முறைக்குள்ளான பெண்களின் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டு போகவோ கைப்பேசியில் படமெடுக்கவோ வேண்டாம். அந்தப் பெண்கள் உங்களை நம்பிச் சொன்னவை அவை. உங்கள் வழக்குக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கும் இல்லை. முகநூலிலும் எழுத வேண்டாம். ஒரு நாள் ஆறுதல் கிடைக்கும். பிறகு ஆறு மாதம் பதில் சொல்ல வேண்டிவரும்.

பொறுப்பதா, விடுவதா என்பதற்கு நாட்காட்டியைப் பாருங்கள். நான்கு வருடம் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடத்தை நிறைவு செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேர வேண்டும். நீங்கள் இருபத்திரண்டு பேர். இன்னும் ஐந்து மாதம். உங்கள் அலுவலகத்தில் ஐந்தாம் வருடத்தை நெருங்கியவர்களுக்கு ஒரு மாத ‘இடைவெளி’ கொடுத்துப் பிறகு புதிய ஒப்பந்தம் தருவதாகக் கடிதத்தின் வேறொரு மூலையில் எழுதியிருந்தீர்கள். சேவை முறிந்தால் உரிமை தகராறுக்குள்ளாகும். அந்த இடைவெளி தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை. எனவே கோபத்தில் இந்த வாரம் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஆறு மாத ஒப்பந்தங்களைத் தொடராக அடுக்கினால் உரிமை ஒன்றும் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். அதை அவர்கள் வாயால் கேட்டு முடிவு செய்யாமல், ஒப்பந்தங்களையெல்லாம் தொழில் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

அங்கே ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) பார்த்துவிடுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், நிறுவனத்திலிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நிறுவனம் மட்டும் 3 வீதம். சம்பளச் சிட்டையில் கழித்திருப்பதும் உங்கள் கணக்கில் சேர்ந்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். சுவரில் மாண்பு எழுதிய இடங்களில் இந்தக் கணக்கு பிசகியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அலுவலக ஊழியர் சட்டத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற வரம்பும் உண்டு. இரவு பத்து மணி வட்ஸ்அப் அதில் எங்கே அடங்குகிறது என்பதையும் தொழில் அலுவலரிடம் கேட்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் இருவராகப் போங்கள். இருபத்திரண்டு பேரையும் திரட்ட முயல வேண்டாம். திரளும் முன்பே செய்தி பணிப்பாளரின் மேசைக்குப் போய்விடும். நம்பக்கூடிய ஒருவர் போதும்.

அந்த ஒருவர், பிள்ளை பெற்ற பின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தோழியாகக்கூட இருக்கலாம். பிரசவத்துக்கு 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை அவருடைய உரிமை. கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையிலிருந்து நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்பது அதற்கு மேல் போர்த்திய துணியா என்பதை விசாரிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் வேலை நீக்கத்துக்கு எதிராக முறையிடக் காலக்கெடு இருக்கிறது, அது மாதக் கணக்குத்தான். அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். பாலியல் தொந்தரவு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படி ஒன்று இருந்தால் அது அலுவலகப் பிரச்சினை அல்ல, தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு நேராக அழையுங்கள்.

கொடையாளருக்கு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தடுமாற்றமான கேள்வி இது. பெரும்பாலான வெளிநாட்டுக் கொடையாளர்களிடம் முறைப்பாட்டுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. உங்கள் பயிற்சி மண்டபத்துப் பதாகையின் மூலையிலேயே அது இருக்கக்கூடும். எழுதினால் அவர்கள் விசாரிக்கலாம். அல்லது சத்தமில்லாமல் நிதியை நிறுத்திவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போகலாம். அப்படிப் போனால் பணிப்பாளருக்கு வீடு இருக்கிறது, வாகனம் இருக்கிறது. தையல் இயந்திரத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு எதுவும் இல்லை. இதை எண்ணித்தான் நல்லவர்கள் பலர் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள், அந்த எண்ணத்தை நம்பித்தான் மற்றவர்கள் துணிகிறார்கள். காசு திருடப்படுவது தெரிந்தால் எழுத வேண்டும் என்பதே என் பக்கம். ஆனால் வேறு வேலையோ, வீட்டுக்கு ஆறு மாத அரிசியோ கையில் இருக்கும்போது எழுதுங்கள். உங்கள் அம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மதிக்காமல் நான் ஆலோசனை சொன்னால் அதுவும் ஒரு பலூன்தான்.

உடம்பைப் பற்றி. வயிற்றைப் பிசைவதும் தூக்கம் கெடுவதும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். யாராவது கண்டுவிடுவார்கள் என்று தயங்கினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து முதலில் பேசலாம். வேலையால் வரும் முற்றான சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று அல்ல, வேலைத்தளம் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. காரணம் உங்களுக்குள் இல்லை, நாற்காலிக்கு அடியில் இருக்கிறது என்பதை வைத்தியர்களும் ஏற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிகண்டியில் கற்பூரம் கொளுத்துவதை விட வேண்டாம். ஆனால் மாலையில் திரும்பும்போதும் அங்கே ஒருமுறை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கச்சான் கொறித்துவிட்டு, அலுவலகத்தை அங்கேயே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். கைப்பேசியை எட்டு மணிக்கு மேல் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

தருமபுரத்துப் பெண். அந்த வரியை எழுதும்போது உங்கள் பேனா சற்று அழுத்தியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் தடம் தெரிந்தது. கூட்டத்துக்கு வராததற்கு அவர் சொன்ன காரணத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்: அன்று கச்சான் பிடுங்கும் கூலி வேலை இருந்தது. நீங்கள் அவரிடம் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்: “உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்.” அந்த வாக்கியம் உங்களுடையது அல்ல. திங்கட்கிழமைக் கூட்டத்தில் உங்கள் மீது வீசப்பட்டதை அப்படியே ஏந்திக்கொண்டு போய் அவர் மீது வீசியிருக்கிறீர்கள். நீங்கள் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று எனக்குச் சொன்னது பணிப்பாளரின் ஏழரைப் பக்கம் அல்ல, இதுதான். ஐந்து மாதத்தைத் தாண்டும் வரை இருக்கத்தான் வேண்டும் என்றால், அந்தக் குரல் உங்கள் வாயில் இன்னொரு முறை வருகிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். வந்தால் பணிக்கொடையை மறந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வேறு வழி பார்ப்போம்.

ஒப்பந்தங்களையும் சம்பளச் சிட்டைகளையும் பிரதி எடுக்க அலுவலக இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம். ஏ9 வீதியில் போட்டோப்பிரதிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை அதை முடித்துவிட்டு, நேரம் இருந்தால் தருமபுரம் வரை போய் அந்தப் பெண்ணைப் பாருங்கள். கச்சான் பிடுங்கி முடிந்ததா என்று கேளுங்கள். வரவு இடாப்பைக் கொண்டு போக வேண்டாம்.

அன்புடன்,
அக்கா